சுராங்கனியும் ஒரு மொட்டைக் கடிதமும்



இவ்வாரச் சிந்தனைக்கென நான் ஆயத்தம் செய்திருந்த பகுதி வேறு. கடந்த ஞாயிறன்று ஆராதனை முடிந்து காணிக்கைப் பைகளை எண்ணியபோது, ஒன்றில் நான்காக மடித்த ஒரு தாள் கிடந்ததாகப் பொருளாளர் கொண்டுவந்து கொடுத்தார். கையொப்பம் இல்லை. எழுத்து அழகாக இருந்தது. பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் நன்கு பயின்ற கை. கையொப்பமற்ற கடிதங்களுக்குப் பதில் எழுதுவதில்லை என்பது என் வழக்கம். ஆனால் இந்தக் கடிதத்தின் கேள்வி உங்களில் இன்னும் பலருடைய மனத்திலும் இருக்கிறது என்பதை அறிவேன். ஆகவே எழுதுகிறேன்.

நடந்ததை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலையில் நம் சபை மண்டபத்தில் முதியோர் ஐக்கியம் கூடுவது உங்களுக்குத் தெரியும். ஜெபம், வேத தியானம், பிறகு தேநீரும் சுண்டலும். சென்ற மாதம் தேநீர் நேரத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அவரவர் இளமையில் விரும்பிக் கேட்ட ஒரு பாட்டை ஒவ்வொருவரும் பாடவேண்டும் என்று சொன்னார். முதல் மூவர் கீர்த்தனைகளைப் பாடினார்கள். நான்காவதாக அமர்ந்திருந்தவர் எழுபத்தைந்தைக் கடந்த பெரியவர். நினைவு தப்பிப்போய் மூன்று ஆண்டுகளாகின்றன. மகள் அவரை ஆட்டோவில் அழைத்துவந்து நாற்காலியில் அமர்த்துவார். கூட்டம் முடியும்வரை ஒரு சொல்லும் பேசாமல் இருந்துவிட்டுப் போவார். அவரைத் தாண்டி ஐந்தாவது ஆளிடம் போய்விடலாம் என்று ஆசிரியை திரும்பியபோது, பெரியவரின் விரல்கள் பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போடத் தொடங்கின. பிறகு பாடினார். பாடியது ‘சுராங்கனி’.

பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலுமாக முழுப் பாட்டையும் பாடினார். தம் பெயரைச் சொல்ல முடியாதவர், ஒரு சொல் பிசகாமல் பாடினார். மண்டபத்தில் அறுபது வயதைக் கடந்த எல்லோருக்கும் அந்தப் பாட்டுத் தெரிந்திருந்தது! கை தட்டினார்கள். இரண்டு பாட்டிமார் எழுந்து நின்று அசைந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு முழங்கால் அறுவை முடிந்து ஆறு மாதங்கூட ஆகவில்லை. மகள் அழுதுகொண்டே என்னிடம் வந்தார். “ஐயா, மன்னிச்சிடுங்க. அப்பாவுக்கு இது சர்ச்னு தெரியலை” என்றார்.

கடிதம் கேட்பது இதைத்தான். பரிசுத்த ஸ்தலத்தின் வளாகத்தில், குடித்துக் கூத்தாடுபவர்கள் பாடும் உலகப் பாட்டு பாடப்பட்டபோது போதகர் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்? வாலிபர்கள் இதைக் கண்டு என்ன கற்றுக்கொள்வார்கள்?

நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை என்பதை முதலில் அறிக்கையிடுகிறேன். நானும் கை தட்டினேன்.

இக்கடிதத்தை எழுதியவர் அந்தப் பாட்டின் பிறப்பை அறியாதவராக இருக்கலாம். வாலிபர்களுக்கோ அது முற்றிலும் தெரியாது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1952இல் நம் நாட்டின் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றின் ஒலி அடங்கிப்போனது. சாஸ்திரிய இசை பெருகியது. விளைவு என்ன? மக்கள் திருந்தவில்லை, வானொலியின் முள்ளைத் திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காக இலங்கையில் நிறுவப்பட்ட சக்திமிக்க ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. வட இந்தியா முழுவதும் கொழும்பின் இந்தி ஒலிபரப்பைக் கேட்டது. நாம் கொழும்பின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டோம். ஐந்தாண்டுகள் கழித்து, 1957 அக்டோபரில், விவித் பாரதியைத் தொடங்கி அரசு இறங்கிவந்தது. அதற்குள் தமிழ்நாட்டு வீடுகளில் கொழும்பின் குரல் குடியேறிவிட்டது.

நான் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் வளர்ந்தவன். எங்களுக்குச் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலியே தெளிவாகக் கேட்கும். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ தொடங்கினால் பள்ளிக்குப் புறப்படும் நேரமாயிற்று என்று பொருள். கடிகாரம் இருந்த வீடுகள் குறைவு. மயில்வாகனன், பி.எச். அப்துல் ஹமீத், இராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா ஆகியோரின் குரல்களை, ஊர்ப் பெரியவர்களின் குரல்களைப்போலவே அடையாளம் கண்டுகொள்வோம். கே.எஸ். ராஜா மூச்சுவிடாமல் பேசும் வேகத்தைப் பின்பற்ற முயலாத சிறுவன் எங்கள் தெருவில் கிடையாது. பின்னாளில், 1994இல், அவர் கொல்லப்பட்டார் என்ற செய்தியை நான் நாளிதழில் வாசித்தபோது, உறவினர் ஒருவரை இழந்ததுபோல் இருந்தது.

அந்த வானொலியில் தமிழ்நாட்டுச் சினிமாப் பாடல்களுக்கு நடுவே, எந்தச் சினிமாவிலும் இல்லாத வேறொரு வகைப் பாட்டு வரும். இங்கே ‘பாப்’ என்போம். அவர்கள் ‘பொப்’ என்று எழுதினார்கள், ‘துள்ளிசை’ என்றும் சொன்னார்கள். துள்ளிசை நல்ல சொல்; அதை நாம் கடன் வாங்காமல் போனது நமக்குத்தான் நட்டம். நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடினார். ஏ.ஈ. மனோகரன் ‘சுராங்கனி’ பாடினார். சிலோன் மனோகர் என்று நாம் அழைத்தவர் அவரே. யாழ்ப்பாணப் பேச்சும் சிங்களச் சொல்லும் கித்தாரும் டோலக்கும் ஒன்றாகக் கலந்த பாட்டுகள் அவை. நாடகமோ கதாநாயகனோ கதாநாயகியோ கிடையாது. கடலிலிருந்து வந்த மீனைப் பற்றியும், மாமியின் மகளைப் பற்றியும், சந்தைக்குப் போவதைப் பற்றியும் பாடினார்கள். நித்தி கனகரத்தினத்தின் புகழ்பெற்ற இன்னொரு பாட்டு, கள்ளுக்கடைக்குப் போகாதே என்று புத்தி சொல்வது. மதுவிலக்குப் பிரசங்கம் ஒன்றை ஆட்டத்தாளத்தில் இத்தனை பேரைப் பாடவைத்தவர் நம் போதகர்களில் யாருமில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

அத்தாளத்தின் வரலாறு சபையாருக்கு இன்னும் சுவையாக இருக்கும். அதன் பெயர் பைலா. நடனமாடுதல் என்ற பொருளுடைய போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கீசியர் தங்களுடன் திருச்சபையையும் கொண்டுவந்தார்கள், நடனத்தையும் கொண்டுவந்தார்கள். அவர்களோடு வந்த ஆப்பிரிக்கர்கள் தாளத்தைக் கொண்டுவந்தார்கள். நானூறு ஆண்டுகள் கடற்கரைகளில் பாடப்பட்ட அந்த இசையை, 1940களில் வாலி பாஸ்டியன் என்ற காவல்துறை அலுவலர் சிங்களத்தில் பாடிப் பரப்பினார். அதற்குப் பிறகுதான் நம் தமிழ்த் துள்ளிசை. ஒரே கப்பலில் சிலுவையும் பைலாவும் வந்திறங்கின. இன்று நம் வாலிபர் கூடுகையில் கைதட்டிப் பாடும் கோரஸ்களில் சிலவற்றுக்கு, கீபோர்டு வாசிக்கும் தம்பி எந்தத் தாளத்தைத் தட்டிவிடுகிறார் என்று ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். கடிதம் எழுதியவர் அந்தக் கோரஸ்களுக்கு முன்வரிசையில் கை தட்டுபவராக இருந்தாலும் நான் வியப்படையமாட்டேன்.

இவ்விடத்தில், மார்ட்டின் லூத்தர் மதுக்கடை மெட்டுகளை எடுத்துத் திருச்சபைக்குக் கொடுத்தார் என்று மேடைகளில் சொல்லப்படும் கதையை நானும் சொல்லி வாதத்தை எளிதாக வென்றுவிடலாம். அது சரியான வரலாறு அல்ல. தம் கிறிஸ்துமஸ் பாடல் ஒன்றுக்கு அவர் உலகியல் மெட்டு ஒன்றைப் பயன்படுத்தியது உண்மை. சில ஆண்டுகளில் அதற்கு வேறு மெட்டு அமைத்துவிட்டார் என்பதும் உண்மை. ஆகவே லூத்தரை விட்டுவிடுவோம். நம் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போதும். அவருடைய கீர்த்தனைகளே தகுதியான பாடல்கள் என்று இன்று நாம் பிடிவாதமாக நிற்கிறோம். தமிழிசையை ஆராதனையில் அனுமதிக்கலாமா என்று அவர் காலத்து மிஷனெரிகளோடு அவர் எவ்வளவு மன்றாட வேண்டியிருந்தது என்பதை மறந்துவிட்டோம். நான் மதுரை அரசரடியில் இறையியல் பயின்ற நாட்களில், அங்கே போதித்த அருள்திரு தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்திருந்தார். நான் அவருடைய வகுப்பில் ஆர்வத்தோடு தலையாட்டினேன். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன்.

பட்டம் பெற்று வெளியே வந்து நான் செய்தது என்ன என்பதை இப்போது சொல்லவேண்டும். இந்தக் கடிதத்துக்கு மேடையிலிருந்து பதில் சொல்லாமல் எழுத்தில் பதில் சொல்ல நான் விரும்பியதற்குக் காரணம் இதுவே.

1997ஆம் ஆண்டு, தெற்கே ஒரு கிராமச் சபையில் நான் முதன்முறையாகப் பொறுப்பேற்றிருந்தேன். வயது இருபத்தேழு. வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிகள் பெருகிய காலம். சபையின் பரிசுத்தத்தைக் காப்பது என் தோள்மேல் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். ஓர் உபவாசக் கூட்டத்தில், ஆகான் தன் கூடாரத்துக்குள் ஒளித்துவைத்த பொருள்களைப் பற்றிப் பிரசங்கித்தேன். உங்கள் கூடாரத்துக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று கேட்டேன். சினிமாப் பாட்டுக் கேசட்டுகள், உலகப் பாட்டுக் கேசட்டுகள் என்று நானே பதிலும் சொன்னேன். அடுத்த நாள் மாலை, பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன் செருப்புக் கடைப் பெட்டியொன்றில் ஏறத்தாழ முப்பது கேசட்டுகளைக் கொண்டுவந்தான். ஆலயத்துக்குப் பின்னால் சருகுகளைக் குவித்து அவற்றை எரித்தோம். பிளாஸ்டிக் எரியும் நாற்றம் இரண்டு நாட்கள் அவ்விடத்தைவிட்டுப் போகவில்லை. நாடாக்கள் சில காற்றில் பறந்து வேப்பமரத்தில் சிக்கி, மழைக்காலம் வரை மினுமினுத்துக்கொண்டிருந்தன. நான் அதைச் சாட்சியாக மறுவாரமே பிரசங்கத்தில் சொன்னேன்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தத் தம்பியின் தாயார் ஜெபத்துக்கு வந்தபோது, பேச்சுவாக்கில் சொன்னார். அந்தக் கேசட்டுகள் அவனுடையவை அல்ல. கிணற்றில் விழுந்து இறந்துபோன அண்ணனுடையவை. அண்ணன் இலங்கை வானொலியிலிருந்து பாட்டுகளைப் பதிவு செய்வான். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே, கே.எஸ். ராஜாவைப்போலத் தானே அறிவிப்புச் செய்து, தெருவிலுள்ளவர்களின் பெயரையெல்லாம் நேயர்கள் என்று வாசிப்பான். வீட்டில் அவனுடைய புகைப்படம் ஒன்று உண்டு. குரல் அந்தக் கேசட்டுகளில் மட்டுமே இருந்தது.

அந்தத் தாயார் என்மேல் குறைகூறவில்லை. “ஐயா சொன்னீங்க, புள்ள கொண்டாந்து குடுத்துட்டான்” என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. போதகர் மன்னிப்புக் கேட்டால் சபை இடறும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். சில மாதங்களில் மாற்றலாகிப் போய்விட்டேன்.

ஆகவே, சென்ற மாதம் அந்த மகள் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டபோது என் உள்ளம் எங்கே போயிற்று என்று நீங்கள் ஊகிக்கலாம். தகப்பனார் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வாய்திறந்து பாடியதற்காக ஒரு மகள் போதகரிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அந்தப் பயத்தை அவளுக்குள் விதைத்தவர்கள் யார்? என்னைப் போன்றவர்கள் ஆயிரம் ஞாயிற்றுக்கிழமைகளில் விதைத்தோம். கேஸ்கராவது ஐந்து ஆண்டுகளில் இறங்கிவந்தார்.

அந்தப் பெரியவருடைய வாழ்வை மகள் பிறகு எனக்குச் சொன்னார். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இந்த நாட்டைக் கண்ணாலும் கண்டிராத ஐந்தேகால் லட்சம் பேர் இந்நாட்டுக்கு உரியவர்கள் என்று எழுதப்பட்டது. அவர்களுள் ஒருவராக, 1977இல், தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பல் ஏறினார். மண்டபம் முகாமில் சில மாதங்கள் இருந்தபின், இராமேசுவரத்திலிருந்து வரும் ரயிலில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினார். எழும்பூர் வரை பயணச்சீட்டு எடுத்திருந்தும், விடிந்துவிட்டதால் கடைசி ஊர் என்று எண்ணி இங்கேயே இறங்கிவிட்டாராம். பல்லாவரத்தில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் முப்பது ஆண்டுகள் வேலை. இங்கே அவரைச் ‘சிலோன்காரர்’ என்றார்கள். அங்கே அவரை இந்தியாக்காரன் என்றிருந்தார்கள். சிங்களம் பேசத் தெரியும் என்று அவர் எவரிடமும் சொன்னதில்லை. 1983க்குப் பிறகு அது சொல்லிக்கொள்ளத் தக்க செய்தியாகவும் இல்லை. மகளே அவர் வாயிலிருந்து சிங்களச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

அப்பாட்டுகளுக்கும் அதே கதிதான். 1970களின் தொடக்கத்தில் இலங்கை அரசு இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி, உள்ளூர்ப் படைப்புகளுக்கு ஊக்கம் தந்த காலத்தில் அவை தழைத்தன. 1983 ஜூலைக்குப் பின், தமிழும் சிங்களமும் ஒரே பாட்டில் கைகோத்து ஆடுவதைக் கேட்க மனமுள்ளவர்கள் இரு பக்கமும் அருகிவிட்டார்கள். நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். மனோகரன் தமிழ்நாட்டுக்கு வந்து, மேடைகளில் பாடினார். திரைப்படங்களில் சிறு வேடங்களில், பெரும்பாலும் அடியாளாக, நடித்தார். 2018 ஜனவரி 22ஆம் நாள் சென்னையிலேயே காலமானார். நம்மிடையே இத்தனை காலம் வாழ்ந்தவர். நம்மில் எத்தனை பேர் அச்செய்தியைக் கவனித்தோம்?

கனடாவில் வாழும் நம் சபைப் பிள்ளைகளில் ஒருவர், நான் இதைத் தொலைபேசியில் சொன்னபோது, வேடிக்கையான ஒரு செய்தி சொன்னார். அங்கே 1971 ஜனவரியில், வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் பாட்டுகளில் நூற்றுக்கு முப்பது பங்கு கனடா நாட்டவருடையதாக இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. பக்கத்து வீட்டு அமெரிக்காவின் பாட்டு தங்கள் பிள்ளைகளின் காதை முழுவதும் நிரப்பிவிடும் என்ற அச்சம். அதன் பயனாக, அந்நாட்டுக்குள் எல்லாருக்கும் தெரிந்த, எல்லைக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாத பாட்டுகள் நூற்றுக்கணக்கில் உண்டாயின. பெரும்பாலானவை சாதாரணப் பாட்டுகள்தாமாம். ஆனால் அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில், ஐம்பது வயதைக் கடந்த வெள்ளைக்காரர் ஒருவர் மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்தால், அதே வயதினர் மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்களாம். “அங்கிள், அந்தப் பாட்டுல ஒண்ணுமே இல்ல. ஆனா அவங்க மூஞ்சியைப் பாக்கணுமே” என்றார் அவர். நம் பிள்ளை அந்தச் சமயத்தில் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாராம். அவருக்கும் முணுமுணுக்க ஒரு பாட்டு உண்டு. சேர்ந்து பாட அந்த மேசையில் ஆள் இல்லை.

பாட்டில் ஒன்றுமே இல்லை என்பதையும் நான் மறுக்கப்போவதில்லை. ‘சுராங்கனி’ மகத்தான கவிதை அல்ல. துள்ளிசைப் பாட்டுகளில் பலவற்றின் வரிகள் நான்கு மீனுக்கும் இரண்டு கேலிக்கும் மேலே எழுவதில்லை. சிலவற்றில் பெண்களைப் பற்றிய பேச்சு இன்று கூச்சம் தருகிறது. பழையது என்பதால் ஒன்று நல்லதாகிவிடாது. முந்திய நாட்கள் இந்நாட்களைவிட நலமாயிருந்ததேன் என்று கேட்பது ஞானமல்ல என்று பிரசங்கி ஏழாம் அதிகாரத்தில் நமக்குக் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எகிப்தில் சும்மா கிடைத்த மீனையும் வெள்ளரிக்காயையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள். செங்கல் சூளையை அவர்கள் நினைக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லயக்காம்பராவில் அந்தப் பெரியவர் பட்ட பாடும் அந்தப் பாட்டில் இல்லை. ஏக்கம் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும்.

ஆனாலும், எண்ணாகமத்து மீனை மட்டுமே பார்த்து நான் இத்தனை காலம் பிரசங்கித்திருக்கிறேன் என்பதே என் மனவருத்தம். எஸ்றாவின் மூன்றாம் அதிகாரத்தை வாசியுங்கள். புதிய ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடப்பட்ட நாளில், முந்தைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் மகா சத்தமாய் அழுதார்கள். இளையவர்கள் மகிழ்ச்சியால் ஆர்ப்பரித்தார்கள். எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியாதபடி சத்தம் வெகுதூரம் கேட்டது என்று எழுதியிருக்கிறது. அழுதவர்களை எவரும் கண்டிக்கவில்லை. வாயை மூடுங்கள் என்று லேவியரை அனுப்பவில்லை. அன்று நம் மண்டபத்தில் நான் கேட்டதும் அப்படிப் பிரிக்கமுடியாத ஒரு சத்தமே.

மருத்துவர்களும் இதற்கு விளக்கம் தருகிறார்கள். ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் மனத்தில் பதிந்தவையே முதுமையில் மிகுதியாக நிலைக்கின்றனவாம். மறதி நோயில் பெயர்களும் முகங்களும் போனபிறகும் பாட்டு கடைசிவரை தங்கிவிடுவதுண்டு. அந்தப் பெரியவர் நம் சபையில் சேர்ந்தது நாற்பது வயதுக்குப் பிறகு. நம் ஞானப்பாட்டுகளை அவர் இருபத்தைந்து ஆண்டுகள் பாடியிருக்கிறார், அவை போய்விட்டன. அதற்கு முன்னே, சிமினி விளக்கடியில் கேட்ட ‘சுராங்கனி’ இருக்கிறது. இதில் நம் பாட்டுகளுக்கு அவமானம் என்ன? அந்த மனிதரை உண்டாக்கியவர், அவர் நம்மிடம் வந்த நாளில் உண்டாக்கவில்லையே. தோட்டத்து லயத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அந்த இளைஞனும் அவருடையவனே.

கடிதம் எழுதியவருக்கு ஒன்றில் நான் உடன்படுகிறேன். ஆராதனை வேறு, தேநீர் நேரம் வேறு. பலிபீடத்துக்கு முன்னே ‘சுராங்கனி’யைப் பாட நான் அனுமதிக்கப்போவதில்லை, அந்தப் பெரியவரும் அப்படிக் கேட்கவில்லை. மற்றபடி, வாலிபர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு நடந்ததையே பதிலாகச் சொல்கிறேன். அன்று தேநீர் ஊற்ற வந்திருந்த கல்லூரி மாணவர்கள் இருவர், அடுத்த வாரம் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கைபேசியில் மனோகரன் பாட்டுகளைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மகள் மூன்று வருடங்களில் முதன்முறையாக ஒரு மணிநேரம் கவலையின்றிக் கடைக்குப் போய்வந்தாராம். மூன்று ஆண்டுகளாக அவருக்காக நான் மன்றாட்டு ஏறெடுத்திருக்கிறேன். அந்த ஒரு மணிநேரத்தை அவருக்குக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

முதியோர் ஐக்கியம் வரும் இரண்டாம் சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கூடும். தியானத்துக்குப் பின் பாட்டு உண்டு. பழைய டேப் ரிக்கார்டர் ஓடும் நிலையில் யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள். கேசட்டுகள் இருந்தால், அவை எதுவாயினும், எறிந்துவிடாதீர்கள். அவற்றைக் கணினியில் ஏற்றித் தருவதாக மேற்குத் தாம்பரத்துச் சகோதரர் ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். பாட்டுக்கு நடுவே யாருடைய குரலாவது கேட்டால் அதையும் வெட்டாமல் பதியும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன். கடிதம் எழுதிய அன்பர், பெயர் சொல்லிக்கொண்டோ சொல்லாமலோ, வந்து உட்காரும்படி வேண்டுகிறேன்.

1997இல் செருப்புப் பெட்டியோடு வந்த அந்தத் தம்பிக்கு இப்போது நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயது இருக்கும். திருப்பூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, எண்ணைத் தேடிப் பெற்றிருக்கிறேன். இதை எழுதும் இந்த நேரம்வரை அழைக்கவில்லை. இந்த வாரம் அழைப்பேன். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

நேற்று முன்தினம் அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். வெகுநேரம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “நீங்க எந்தத் தோட்டம்ங்க?” என்று கேட்டார்.

“தாம்பரம்” என்றேன்.

சற்று யோசித்தார். அப்படி ஒரு தோட்டத்தை அவர் கேள்விப்பட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு பரிவோடு கேட்டார்: “அங்க ரேடியோ கேக்குமா?”

“நல்லாக் கேக்கும்யா” என்றேன்.